நீலகிரிக்கு சைக்கிளில் ஏற: எந்தப் பாதை, எத்தனை மணி, எந்தப் பக்கம்

நீலகிரிக்கு சைக்கிளில் போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "என் காலுக்கு அந்த ஏற்றம் தாங்குமா?" என்பதைத்தான். தாங்கும். வாரக் கடைசியில் சமவெளியில் 60, 70 கி.மீ. போய்வரும் பழக்கம் உள்ளவர் என்றால் கோத்தகிரி வரைக்கும் தாராளமாக ஏறிவிடலாம். காலைவிடப் பெரிய விஷயம் மூன்று இருக்கிறது: எந்தப் பாதையில் ஏறுகிறீர்கள், எதில் இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள். இந்த மூன்றில் ஒன்று தப்பினால் நன்றாகப் பயிற்சி எடுத்தவர்கூட பாதி வழியில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு பஸ்ஸுக்குக் கை காட்ட வேண்டியிருக்கும். அதனால் இதில் பயிற்சி அட்டவணை எல்லாம் கிடையாது, பாதைகளைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

மலைக்கு மேலே போக ஐந்து தார்ச்சாலைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டு, ஒன்று கோத்தகிரிக்கு, மற்றது பர்லியார் வழியாகக் குன்னூருக்கு. காரமடையிலிருந்து வெள்ளியங்காடு, முள்ளி, கெத்தை வழியாக மஞ்சூருக்கு ஒன்று. மேற்கே கூடலூரிலிருந்து நடுவட்டம் வழியாக ஊட்டிக்கு ஒன்று. வடக்கே மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஒன்று. ஐந்தும் ஒரே மலைக்குத்தான் போகின்றன, ஆனால் சைக்கிள்காரருக்கு ஐந்தும் ஐந்து விதம்.

முதல் தடவை என்றால் கோத்தகிரி

இதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோத்தகிரி 1,800 மீட்டரை ஒட்டி. இடையில் 33 கி.மீ. தூரம். கணக்குப் போட்டால் சராசரி ஏற்றம் நாலரை சதவீதம் வரும், அதாவது நூறு மீட்டர் ஓட்டினால் நாலரை மீட்டர் மேலே போயிருப்பீர்கள். இது மிதமான ஏற்றம்தான். நீளம் மட்டும்தான் சோதிக்கும். மூச்சு வாங்காமல் பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே போகிற வேகத்தில், மணிக்கு 9 கி.மீ. என்று வைத்தால்கூட, மூணே முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். டீக்கும் படத்துக்கும் நின்றால் நாலரை, ஐந்து.

மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றுப் பாலம் தாண்டியதும் பாதை பிரியும், வலது பக்கம் கோத்தகிரி. முதல் சில கிலோமீட்டர் ஏற்றமே இல்லாத மாதிரி இருக்கும், இங்கேதான் நிறைய பேர் உற்சாகத்தில் பெரிய கியரில் மிதித்து ஆற்றலைக் காலி செய்துவிடுகிறார்கள். இந்த இடத்தில் வேகத்தைக் கட்டிப்போடுங்கள். குஞ்சப்பனை வரைக்கும் காடு, வெயில் ஏறினால் நல்ல புழுக்கம். அதற்குமேல் காப்பித் தோட்டமும் பலாவும் வரும், அப்புறம் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே தேயிலை ஆரம்பிக்கும். அரவேனுவில் சாப்பாட்டுக் கடை இருக்கிறது, அங்கிருந்து கோத்தகிரி பக்கம்தான். போக்குவரத்து குன்னூர் பாதையைவிடக் குறைவு, வளைவுகளும் அவ்வளவு இறுக்கமாக இருக்காது, அதனால் இறங்கவும் இதே பாதைதான் நல்லது.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஏப்ரல், மே சீசனில் ஊட்டிக்குப் போகும் வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏற்றி, திரும்பும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாக இறக்கும் ஒருவழி ஏற்பாடு செய்வார்கள். அந்த நாட்களில் கோத்தகிரிப் பாதையில் நீங்கள் ஏறிக்கொண்டிருக்க, மொத்த ஊட்டிக் கூட்டமும் எதிரே இறங்கி வரும். அதில் பாதிப் பேர் மலையில் ஓட்டிப் பழகாதவர்கள். அந்த இரண்டு மாதமும் நீலகிரியை மறந்துவிடுங்கள், வேறு மலை பாருங்கள்.

குன்னூர் பாதை

பெயர் பெற்ற பாதை இதுதான், ஒரு பக்கம் மலை ரயில், பள்ளத்தாக்கு, பர்லியாரில் மங்குஸ்தான், எல்லாம் உண்டு. கல்லாறு வரை ஏறக்குறைய சமதரை, அதற்கப்புறம் சுமார் 25 கி.மீ.க்கு ஐந்து சதவீதத்தை ஒட்டிய ஏற்றம், 14 கொண்டை ஊசி வளைவு. ஏற்றம் என்று பார்த்தால் கோத்தகிரியைவிடக் கொஞ்சம்தான் கடினம். ஆனால் இது தேசிய நெடுஞ்சாலை. லாரியும் பஸ்ஸும் டூரிஸ்ட் வேனும் இரண்டாவது கியரில் புகை கக்கிக்கொண்டு உங்கள் தோளை உரசுகிற மாதிரி போகும், ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் மேலிருந்து கீழே வரை வரிசை கட்டி நிற்கும். போயே ஆகவேண்டும் என்றால் செவ்வாய், புதன் மாதிரி நாளில் விடிந்ததும் கிளம்பி ஒன்பதரை, பத்து மணிக்குள் குன்னூரைப் பிடித்துவிடுங்கள். சனி, ஞாயிறில் நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

குன்னூரிலிருந்து ஊட்டி இன்னும் 18, 19 கி.மீ. வெலிங்டன், அருவங்காடு, எல்லநள்ளி வழியாகப் போகும் இந்தத் துண்டில் ஊர்களும் கடைகளும் விடாமல் வரும், வண்டி நெரிசலும் அப்படியே. கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்குப் போவது, தூரம் கிட்டத்தட்ட 30 கி.மீ. என்றாலும், எவ்வளவோ மேல். கட்டபெட்டு தாண்டி ஏறி இறங்கி ஏறி தொட்டபெட்டா பிரிவுக்கு வந்தால், ஊட்டியைவிட உயரத்தில் நிற்பீர்கள், கடைசி சில கிலோமீட்டர் சும்மா உருண்டே ஊருக்குள் இறங்கிவிடலாம். அந்தப் பிரிவிலிருந்து தொட்டபெட்டா சிகரத்துக்கு, 2,637 மீட்டர், மூன்று கி.மீ. சொச்சம்தான். கால் மிச்சம் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் மறுநாள்.

கியர் கணக்கு

சைக்கிள் எது வேண்டுமானாலும் இருக்கட்டும், ரோடு பைக், ஹைபிரிட், கனமான எம்டிபி (மலை சைக்கிள்), எதுவானாலும் சரி. பார்க்க வேண்டியது ஒன்றுதான், மிகச் சிறிய கியர் என்ன. முன்னால் 34 பல், பின்னால் 34 பல் இருந்தால் பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று, ஏறக்குறைய 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கி.மீ. வேகம். மலையில் இது நிம்மதியான வேகம். பழைய பாணி ரோடு பைக்கில் முன்னால் 39, பின்னால் 25 என்று இருக்கும், அதில் அதே 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 12 கி.மீ. பக்கம் வந்துவிடும். ஒன்பது சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்தைப் பிடிக்க ஒன்றரை மடங்கு சக்தி வேண்டும், அது இல்லாதபோது மிதி மெதுவாகி முழங்காலில் சுமை ஏறும். பலரும் "மலை கஷ்டம்" என்று சொல்வது உண்மையில் கேசட் கஷ்டம், அதாவது பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கின் கஷ்டம். ஊருக்குப் போகிறதுக்கு முன்னால் சைக்கிள் கடையில் 11-32 அல்லது 11-34 கேசட் (மிகச் சிறிய, மிகப் பெரிய பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கை) உங்கள் டெரெய்லருக்கு, அதாவது செயினை நகர்த்தி கியர் மாற்றும் பாகத்துக்கு, பொருந்துமா என்று கேட்டு மாற்றிவிடுங்கள். கார்பன் ஃபிரேமுக்குச் செலவழிப்பதைவிட இது பல மடங்கு பயன்.

டயர் 28 மி.மீ. இருந்தால் நல்லது, 25 பரவாயில்லை. காற்றை டயரில் போட்டிருக்கும் உச்ச அளவுக்கு நிரப்பாதீர்கள், கொஞ்சம் குறைவாக இருந்தால்தான் ஈரமான வளைவில் பிடிமானம் கிடைக்கும்.

கொண்டை ஊசி வளைவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வளைவின் உள்பக்கம் எப்போதும் செங்குத்து, வெளிப்பக்கம் தணிவு. நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள், அதனால் ஏறும்போது இடது பக்கம் திரும்பும் வளைவில் செங்குத்தான உள்பக்கம் நமக்கு மாட்டும், வலது பக்கம் திரும்பும் வளைவில் தணிந்த வெளிப்பக்கம் கிடைக்கும். இடது வளைவு வருவதற்கு ஐம்பது மீட்டர் முன்பே சின்ன கியருக்கு வந்துவிடுங்கள், வளைவுக்குள் போய் சுமையோடு கியர் மாற்றினால் செயின் கழன்றுவிடும். மேலிருந்து வண்டி வரவில்லை என்று தெரிந்தால் ஓரத்தை ஒட்டாமல் நம்முடைய பாதிச் சாலையின் நடுவில் ஏறுங்கள். வலது வளைவில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம், தண்ணீர் குடிக்கவும் அதுதான் இடம்.

சாப்பாடும் தண்ணீரும்

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குத் தூக்கிக்கொண்டு போக மட்டும் உடம்பு சுமார் 1,200 கலோரி எரிக்கும். ஒரு வாழைப்பழம் நூறு கலோரி. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் குஞ்சப்பனை தாண்டியதும் கண் இருட்டும். கிளம்பி அரை மணியிலிருந்தே ஏதாவது உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும், பசி வந்தபிறகு சாப்பிட்டால் பிரயோஜனம் இல்லை. சைக்கிள்காரர்கள் சாப்பிடும் எனர்ஜி ஜெல் வாங்கிப் பணத்தைக் கொட்ட வேண்டாம், கடலை மிட்டாய், பேரீச்சை, வாழைப்பழம் போதும். மேலே போனால் டீயும் வர்க்கியும். தண்ணீர் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர், கீழே புழுக்கமான பகுதியில் இன்னும் கூட, ஒரு பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் கரைத்துக்கொள்ளுங்கள்.

நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, சின்ன தண்ணீர் பாட்டில்களும் அதில் அடக்கம். வழியில் பாட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்து வராதீர்கள். சைக்கிளில் இரண்டு பாட்டில் மாட்டுங்கள். சாலையோரம் குடிநீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டீக்கடையில் கேட்டால் நிரப்பிக் கொடுப்பார்கள்.

கல்லட்டி

கேள்விப்பட்டிருப்பீர்கள். 36 கொண்டை ஊசி. மசினகுடிப் பக்கத்திலிருந்து ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தலைக்குந்தா வரை, அதில் செங்குத்தான பகுதி பன்னிரண்டு, பதிமூன்று கி.மீ., அதற்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். சில வளைவுகளில் பதினைந்து சதவீதத்தையும் தாண்டும். 2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரிஸ் சைக்கிள் பயணத்தில் பேர்போன ஏற்றம் இதுதான், அதனாலேயே நிறைய பேருக்கு இதை ஒரு தடவை ஏறிப் பார்க்க வேண்டும் என்ற வெறி. ஏறுங்கள், ஆனால் கோத்தகிரியும் நடுவட்டமும் முடித்த பிறகு. முன்னால் 34-ம் பின்னால் 32-ஆவது இல்லாமல் இங்கே வருவது வீண் வம்பு.

இந்தப் பாதையில் இறங்காதீர்கள். மோட்டார் வண்டிகளிலேயே வெளியூர் வண்டிகள் ஊட்டியிலிருந்து இந்த வழியாக இறங்கக்கூடாது என்று தடை போட்டிருக்கிறார்கள், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய் நடந்த விபத்துகள்தான் காரணம். காருக்கே இந்த நிலை என்றால், இரண்டு சின்ன ரப்பர் துண்டை நம்பி இறங்குகிற நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், கீழே இருப்பது முதுமலைப் புலிகள் காப்பகம். கூடலூர், தெப்பக்காடு, மசினகுடி, பந்திப்பூர் சாலைகளை வரைபடத்தில் பார்த்தால் அழகான சமதரைப் பாதை மாதிரி தெரியும், அதில் சைக்கிள் ஓட்டலாம் என்று திட்டம் போடாதீர்கள். இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வண்டிகளுக்கே அந்தச் சாலை மூடியிருக்கும், பகலிலும் யானையும் புலியும் குறுக்கே போகிற காடு அது. மசினகுடி வரைக்கும் சைக்கிளை ஜீப்பிலோ வேனிலோ ஏற்றிக்கொண்டு போய் இறங்கி, சோதனைச் சாவடியில் கேட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும் மேலே ஏறுங்கள். வேண்டாம் என்றால் வாதாடாமல் அதே வண்டியில் திரும்பிவிடுங்கள்.

மற்ற இரண்டு

கூடலூர் ஏற்றத்துக்கு ஏன் இவ்வளவு குறைவாகப் பேர் போகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. கூடலூர் ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. அங்கிருந்து நடுவட்டம் வரை தேயிலைக்கு நடுவே சீரான ஏற்றம், அதற்கு மேல் பைக்காரா, பைன் மரக்காடு, புல்வெளி, கடைசியில் ஊட்டி. மொத்தம் 50 கி.மீ. வாக்கில். ஒரு நாளைக்கு இதைவிட நிறைவான பாதை இந்த மலையில் இல்லை என்பது என் கட்சி. பைக்காராவிலிருந்து ஊட்டிக்குள் டூரிஸ்ட் வண்டி அதிகம், அதைக் காலை பத்து மணிக்கு முன்பே தாண்டிவிட்டால் நல்லது. ஊட்டியில் தங்கியிருந்தால் நடுவட்டம் வரை போய்த் திரும்புவதும் அருமையான அரை நாள் ஓட்டம்.

மஞ்சூர் பாதை 43 கொண்டை ஊசி, வண்டியே வராத அமைதி, சுற்றிலும் காடு, கேட்கவே ஆசையாக இருக்கும். ஆனால் அந்த அமைதிக்குக் காரணமே யானைதான். கெத்தைப் பக்கம் அரசுப் பேருந்தையே வழிமறித்து நிற்கும் யானைக் கூட்டம் அடிக்கடி செய்தியில் வருகிறது. வெள்ளியங்காட்டுக்கு மேலே வனத்துறை சாவடிகள் உண்டு, தனியாக சைக்கிளில் வருகிறவரை அனுப்புவதும் திருப்புவதும் அன்றைய நிலவரத்தைப் பொறுத்தது. தனியாகப் போகவே வேண்டாம். கூடவே ஒரு கார் வருகிற குழுவாக இருந்தால், பகல் வெளிச்சத்தில், கேட்டுக்கொண்டு போகலாம்.

மேலே போன பிறகு

மலை மேல் ஏறிவிட்டு உடனே இறங்கிவிடுகிறவர்கள் பாதி சுகத்தை விட்டுவிடுகிறார்கள். கோத்தகிரியில் இரண்டு நாள் தங்கிப் பாருங்கள். அங்கிருந்து கோடநாடு காட்சிமுனை 16, 18 கி.மீ., தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே ஏறி இறங்கிப் போகும், முனையில் நின்றால் கீழே மாயாறு பள்ளத்தாக்கு முழுசாகத் தெரியும். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் பதினொன்றுக்குள் திரும்பிவந்து சாப்பிடலாம். ஊட்டியில் இருப்பவர்கள் முத்தோரை பாலாடா வழியாக இத்தலார், எமரால்டு பக்கம் போங்கள். மலைச்சரிவு முழுக்க கேரட்டும் உருளைக்கிழங்கும் பூண்டும், சாலையில் காய்கறி வண்டிகளைத் தவிர அதிகம் எதிரே வராது. எமரால்டுக்கு அப்பால் அவலாஞ்சி காட்டுக்குள் வனத்துறை வண்டியில்தான் கூட்டிப்போவார்கள், அங்கே சைக்கிளைத் திருப்பிவிட வேண்டியதுதான். குன்னூரில் லேம்ப்ஸ் ராக், டால்பின் நோஸ் பாதை குறுகல், கார்கள் நெரியும், ஆனால் வார நாளில் காலை எட்டு மணிக்குள் முடித்தால் நன்றாக இருக்கும்.

இந்தச் சாலைகள் மேலே சமமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். நீலகிரியின் மேல்தளத்தில் இருநூறு மீட்டர் இறங்கி இருநூறு மீட்டர் ஏறுவது சர்வசாதாரணம். 40 கி.மீ. ஓட்டத்தில் எண்ணூறு மீட்டர் ஏற்றம் சேர்ந்துவிடும்.

யானை, காட்டுமாடு, நாய்

போக்குவரத்துக்குப் பயந்து நாலரை மணிக்கே கிளம்புகிற பழக்கம் சமவெளியில் சரி. இங்கே கூடாது. கல்லாறு யானைகள் கடக்கும் வழித்தடம், குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழ சீசனில், மே முதல் ஜூலை வாக்கில், பழ வாசனைக்கு யானைகள் சாலை வரை வந்துவிடும். ஆறு, ஆறரைக்கு, நன்றாக வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள், ஊர்க்காரர்களின் பைக்கும் முதல் பஸ்ஸும் போக ஆரம்பித்திருக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்குள் கீழ்ப்பகுதிக் காட்டைத் தாண்டி வந்துவிடுங்கள்.

சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது, ஆபத்தே அதுதான். கார் வருவது மிருகத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே தெரியும், நீங்கள் வளைவு திரும்பினால் இருபது மீட்டரில் நிற்பீர்கள். பெல் மாட்டுங்கள், கண்ணுக்குத் தெரியாத வளைவில் அடியுங்கள், பேசிக்கொண்டே போங்கள், காதில் பாட்டு வேண்டாம். தூரத்தில் யானை தெரிந்தால் உடனே நின்று, சைக்கிளை வந்த பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, பஸ்ஸோ லாரியோ வரும்வரை காத்திருங்கள். டிரைவரிடம் கேட்டால் மெதுவாகப் போய் உங்களைக் கூடவே கடத்திவிடுவார், மலை டிரைவர்களுக்கு இது பழக்கம். ஊர்க்காரர்கள் "மேலே நிக்குது, இருங்க" என்றால் இருங்கள். செல்பி, கைதட்டல், விசில் எதுவும் வேண்டாம்.

காட்டுமாடு தேயிலைக்குள்ளிருந்து சாவகாசமாக வந்து சாலையில் நிற்கும். பார்க்கச் சாது மாதிரி இருக்கும், ஒரு டன் எடை. ஒன்று கடந்துவிட்டால் பின்னாடியே இன்னொன்று வரும், இரண்டுக்கும் நடுவே புகுந்து போகாதீர்கள், குட்டி இருந்தால் இன்னும் தள்ளியே நில்லுங்கள். கரடி காலை இருட்டிலும் மாலை இருட்டிலும் தேயிலை ஓரம் திரியும், கோத்தகிரி, குன்னூர் இரண்டு பக்கமும். பர்லியார் குரங்குகளுக்கு ஜெர்சி பாக்கெட் எங்கே இருக்கிறது என்று தெரியும். நாய் துரத்தினால் ஏற்றத்தில் ஓடித் தப்ப முடியாது, இறங்கி சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள், நாலு வீடு தாண்டினால் விட்டுவிடும்.

இறக்கம்

ஏற்றத்தில் யாரும் பெரிதாக அடிபட்டதாகக் கேள்விப்பட்டதில்லை, கேட்பதெல்லாம் இறக்கத்துக் கதைகள்தான். கீழே உருண்டு போக என்ன கஷ்டம் என்று நினைக்காதீர்கள், நாலு மணி நேரம் ஏறிக் களைத்த உடம்பு, வியர்வையில் நனைந்த சட்டை, குளிர் காற்று, இதோடு ஒரு மணி நேரம் தொடர்ந்து பிரேக் பிடிக்க வேண்டும்.

பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே போவதுதான் பெரிய தப்பு. அப்படிப் போனால் ரிம் சூடாகும், ட்யூப் வெடிக்கும், டிஸ்க் என்றால் பேடு கருகிப் பிடிப்பு குறையும். வளைவுக்கு முன்னால், சைக்கிள் நேராக இருக்கும்போது, இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு விடுங்கள், வளைவுக்குள் விட்டபடியே திரும்புங்கள். வளைவு முடிந்து நேரானதும் கொஞ்சம் ஓடவிட்டு மறுபடி அழுத்திப் பிடியுங்கள். கை ஹேண்டில்பாரின் கீழ் வளைவில் இருந்தால் விரலுக்கு வேலை பாதியாகக் குறையும். விரல் வலித்தால் நின்று இளைப்பாறுங்கள், அந்த நேரத்தில் ரிம்மும் ஆறும். கார்பன் ரிம்மில் ரிம் பிரேக் போட்டிருப்பவர்கள் அந்தச் சக்கரத்தை வீட்டில் வைத்துவிட்டு அலுமினியச் சக்கரம் மாட்டிக்கொண்டு வாருங்கள்.

வெளிநாட்டு வீடியோவில் பார்க்கிற மாதிரி வளைவை வெட்டிக்கொண்டு போவதெல்லாம் மூடிய சாலையில் நடப்பது. இங்கே கீழிருந்து ஏறும் பஸ் கொண்டை ஊசியில் முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடியும், மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி என்பது சட்டமும்கூட. ஹாரன் கேட்டால் வளைவுக்கு மேலேயே ஓரமாக நின்று, பஸ் திரும்பி முடித்த பிறகு இறங்குங்கள். வளைவுகளில் லாரி டேங்கிலிருந்து சிந்திய டீசல் இருக்கும், நனைந்திருந்தால் வானவில் நிறத்தில் பளபளக்கும், அதன்மேல் பிரேக் பிடித்தால் அவ்வளவுதான். யூகலிப்டஸ் சருகும் ஈரத்தில் அதே மாதிரி வழுக்கும்.

மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரி இருக்கும் நாளில் ஊட்டியில் 22, 23 தான் இருக்கும், ஆயிரம் மீட்டருக்கு ஆறு ஆறரை டிகிரி இறங்கும். மடித்து பாக்கெட்டில் வைக்கிற விண்ட்சீட்டர் கட்டாயம். மறந்துவிட்டால் டீக்கடையில் பழைய செய்தித்தாள் வாங்கி சட்டைக்குள் நெஞ்சில் விரித்துக்கொள்ளுங்கள், நம்ப மாட்டீர்கள், அவ்வளவு காற்றைத் தடுக்கும். மதியத்துக்கு மேல் குன்னூர்ப் பக்கம் மூடுபனி இறங்கினால் பத்தடி தெரியாது, முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் பகலிலும் எரியட்டும்.

எந்த மாதம்

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை முதல் தரம். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவை, அதாவது நாம் ஏறுகிற மேட்டுப்பாளையம் பக்கத்தை அடிக்கும், 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பகுதி மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் தொடக்கம் வரை மழை எச்சரிக்கை வந்தால் டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிடுங்கள். டிசம்பர் கடைசி, ஜனவரி தொடக்கத்தில் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் தலைக்குந்தா மாதிரி இடங்களில் காலையில் உறைபனி, எட்டரை மணிக்கு முன்னால் சைக்கிளை எடுக்காதீர்கள், கைக்கு முழு உறை வேண்டும்.

2024 மே முதல் நீலகிரிக்கு வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். சைக்கிளுக்கு வேண்டாம், கூட வரும் காருக்கு வேண்டும். குழுவாகப் போகிறவர்கள் இதைக் கோட்டைவிட்டு சாவடியில் நிற்பது சகஜம், முந்தைய நாளே எடுத்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் வசதி, ராத்திரி ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்ய வேண்டும், ஸ்டேஷனுக்குச் சீக்கிரமே போய்விடுங்கள், பெடலைக் கழற்றி, கியர் பக்கத்தை அட்டையால் மூடிக் கட்டுங்கள். வந்த அன்றே ஏற வேண்டும் என்று இல்லை. ரயிலில் சரியாகத் தூங்காத உடம்போடு ஏறுவதைவிட ஒரு நாள் மேட்டுப்பாளையத்தில் தங்கி மறுநாள் விடியலில் கிளம்புவது நல்லது.

ரோடு பைக்குக்கான ஸ்பேர் மலைமேல் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். இரண்டு ட்யூப், பம்ப், டயர் லீவர், செயின் லிங்க், ஆலன் கீ செட், ஒரு ஜோடி பிரேக் பேட் கையில் இருக்கட்டும். கூடவே உங்கள் ஃபிரேமுக்கான டெரெய்லர் ஹேங்கர் (டெரெய்லரை ஃபிரேமில் மாட்டும் சின்ன உலோகத் துண்டு) ஒன்று, ஏனென்றால் ரயிலில் லக்கேஜ் மேல் லக்கேஜ் விழுந்து முதலில் வளைவது அதுதான், அது மாடலுக்கு மாடல் மாறும், அது இல்லாவிட்டால் கோயம்புத்தூருக்குப் போய்த்தான் தேட வேண்டும்.